அண்பல்லில் ஒரு கம்பி

பல்லுக்கு க்ளிப் போட்டுக்கொள்வது பள்ளிப் பிள்ளைகளின் காரியம் என்ற நிலை போய் வெகுநாளாகிவிட்டது. முப்பது வயதிலும் நாற்பது வயதிலும் போட்டுக்கொள்கிறவர்கள் இன்று ஏராளம். அவர்களில் நடிகர்களுக்கு மட்டும் ஒரு தனிச் சிக்கல் உண்டு. படத்தின் காட்சிகளைக் கதை வரிசைப்படி எடுப்பதில்லை. க்ளைமாக்ஸை ஜனவரியில் எடுத்துவிட்டு அறிமுகக் காட்சியை ஜூலையில் எடுப்பார்கள். முன்பல்லில் உலோகம் மின்னினால் ஒரு காட்சியில் இருப்பது அடுத்த காட்சியில் காணாமல் போகும். கன்டினியூட்டி பார்க்கும் உதவி இயக்குநரால் அதைச் சமாளிக்கவே முடியாது. கதை நூறு வருடத்துக்கு முந்தையது என்றால் அந்த மின்னல் ஒரு ஃப்ரேமில்கூட வரக் கூடாது. சிகிச்சையோ ஒன்றரை ஆண்டு, இரண்டு ஆண்டு, சிலருக்கு அதற்கு மேலும் நீளும். அத்தனை காலம் வேலையை விட்டுவிட்டு உட்கார முடியாதவருக்கு இருக்கும் வழிகளில் ஒன்று, பிராக்கெட்டையும் கம்பியையும் பல்லின் உட்புறத்தில், நாக்கு இருக்கும் பக்கத்தில் ஒட்டிக்கொள்வது. லிங்குவல் பிரேஸ் என்பார்கள். க்ளோசப்பில்கூடத் தெரியாது. ஆனால் கண்ணுக்கு மறைத்த அதே கம்பி, பேச்சுக்கு வழியில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. நடிகரின் பிழைப்பில் பாதி முகம் என்றால் மறுபாதி பேச்சு. அதனால் கேள்வி இதுதான்: இந்தக் கம்பிக்கு வாய் எப்படிப் பழகுகிறது? காயம் ஆறுவதுபோல நாட்கள் போகப்போகத் தானாகவே சரியாகிவிடும் என்பதுதான் பொதுவான நம்பிக்கை. கடந்த நாற்பது, ஐம்பது ஆண்டுப் பேச்சு ஆய்வுகள் வேறொன்றைச் சொல்கின்றன. நாக்கு இங்கே ஒரு புதுப் பாடம் படிக்கிறது. பாடம் என்றால் அதற்குப் பயிற்சி வேண்டும், கேட்டுத் திருத்த ஆள் வேண்டும், காலம் ஒதுக்க வேண்டும். நடிகர் இதை ஒரு புது வேடத்துக்குத் தயாராவதுபோல நடத்த வேண்டும் என்பதே என் வாதம்.

உட்பக்கக் கம்பி ஏறக்குறைய ஒரே காலத்தில் இரண்டு இடங்களில், இரண்டு வேறு தேவைகளிலிருந்து பிறந்தது. 1970களில் ஜப்பானின் கனகாவா பல் மருத்துவக் கல்லூரியில் கின்யா ஃபுஜிதா, தற்காப்புக் கலை பயில்கிறவர்களின் உதடும் கன்னமும் முன்பக்க பிராக்கெட்டில் மோதிக் கிழிவதைத் தவிர்க்க வழி தேடினார். அதே பத்தாண்டில் அமெரிக்காவின் பெவர்லி ஹில்ஸில் கிரேவன் கர்ஸ் என்ற மருத்துவர், தோற்றத்தை வைத்தே பிழைத்த தன் நோயாளிகளுக்காக இதே வழிக்கு வந்து சேர்ந்தார். ஹாலிவுட்டை ஒட்டிய ஊர் அது. அங்கே இந்தத் தேவை எழுந்ததில் வியப்பில்லை. பல்லின் உட்புறம் வெளிப்புறத்தைப் போல ஒழுங்கானதல்ல. கோரைப்பல்லைத் தாண்டிக் கடைவாய்ப் பக்கம் போனதும் பல்லின் கனம் சட்டென்று கூடிவிடுகிறது. கம்பி அந்த இடத்தில் உள்நோக்கி ஒரு மடிப்பு எடுக்க வேண்டும். அப்படி வளைத்த கம்பியை மேலிருந்து பார்த்தால் காளான் மாதிரி இருக்கும். ஃபுஜிதா 1979இல் எழுதிய கட்டுரையில் அதற்குக் காளான் வளைவு என்றே பெயர் வைத்தார். 1980களின் தொடக்கத்தில் இந்த முறைக்குப் பெரிய வரவேற்பு இருந்தது. கருவி பருமனாக இருந்ததாலும், போதிய பயிற்சி இல்லாமல் பலர் கையில் எடுத்ததாலும் சில ஆண்டுகளிலேயே ஆர்வம் வடிந்தது. பின்னாளில் ஜெர்மனியின் டிர்க் வீக்மான் போன்றவர்கள் ஒவ்வொரு பல்லின் அச்சையும் கணினியில் ஏற்றி, அந்தப் பல்லுக்கென்றே மெல்லிய பிராக்கெட்டைத் தங்கக் கலவையில் வார்த்தெடுத்தபோதுதான் அது மறுபடி எழுந்தது. கருவி மெலிந்ததற்குப் பெரிய காரணம் நாக்கின் முறையீடுதான்.

நாக்கு ஏன் இவ்வளவு முறையிடுகிறது? 1834இல் எர்ன்ஸ்ட் வெபர் என்ற ஜெர்மானிய உடலியல் அறிஞர், கவராயத்தின் இரு முனைகளைத் தோலில் வைத்து, எவ்வளவு நெருக்கி வைக்கும்வரை அவை இரண்டு என்று தெரிகின்றன என்பதை உடம்பு முழுக்க அளந்தார். முதுகில் இரு முனைகளும் ஐந்தாறு சென்டிமீட்டர் விலகியிருந்தால்தான் இரண்டாகத் தெரிந்தன. நுனிநாக்கில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இடைவெளியே போதுமாக இருந்தது. அவர் அளந்த இடங்களில் மிகக் கூர்மையானது அதுதான். பல்லிடுக்கில் சிக்கிய ஒரு சின்ன நார் விரலுக்குத் தட்டுப்படாது, நாக்குக்கோ கயிறு மாதிரி தெரியும். அந்த நுனிக்கு எதிரே, ஒவ்வொரு பல்லிலும் ஓர் உலோக மேட்டை ஒட்டி, நடுவே கம்பியையும் ஓட்டுகிறோம். முதல் ஒன்றிரண்டு வாரங்களில் நாக்கின் ஓரம் உரசிப் புண்ணாவதும், வாயில் ஏதோ இருக்கிறது என்று உமிழ்நீர் பெருகுவதும், சோறு கம்பியில் சிக்கிக்கொள்வதும் இதனால்தான். புண்ணுக்கு மருத்துவர் தரும் மெழுகும் உப்புத் தண்ணீர்க் கொப்பளிப்பும் உதவும். இவை நிஜமாகவே தானாக ஆறிவிடும் துன்பங்கள். பேச்சு அந்தக் கணக்கில் வராது.

பேச்சைப் பார்க்க நம் மொழியிலேயே நல்ல வரைபடம் இருக்கிறது. தொல்காப்பியத்தின் பிறப்பியல், எந்த எழுத்துக்கு நாக்கின் எந்தப் பகுதி வாயின் எந்த இடத்தில் படுகிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறது. மேல்வாயை அண்ணம் என்றும், அதை ஒட்டிய பல்லை அண்பல் என்றும் நம் இலக்கணிகள் பிரித்துப் பெயரிட்டார்கள். நாக்கு அழுத்தித் தொட்டால் ஒற்றுதல், தடவிப் போனால் வருடுதல். லிங்குவல் கம்பி ஒட்டப்படும் இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான முகவரி கிடையாது. மேல்வரிசைக் கம்பி உட்கார்ந்திருப்பது அண்பல்லின் உட்புறத்தில். அங்கே போய் ஒற்றுகிற எழுத்துகள் தகரமும் நகரமும். நுனிநாக்கு பரந்து பல்லின் அடியில் படிய வேண்டும். அந்த இடத்தில் இப்போது பல் இல்லை, உலோகம் இருக்கிறது. தமிழ் உச்சரிப்பு என்றாலே எல்லாரும் கவலைப்படுகிற ழகரத்தைப் பாருங்கள். அதற்கு நுனிநாக்கு மேலே மடங்கி அண்ணத்தை வருடுகிறது. முன்பல் பக்கமே அது போவதில்லை. டகரம், ணகரம், ளகரம் ஆகியவற்றிலும் நுனி பின்னோக்கித்தான் வளைகிறது. நாக்கின் ஓரங்கள் கடைவாய்ப் பற்களின் உட்புறத்தில் சாய்வதால் அங்கே புண் இருந்தால் வலிக்கும், ஆனால் ஒலி உருவாகிற இடத்தில் எந்தத் தடையும் இல்லை. ஆகவே கம்பி போட்ட நடிகர் மழையும் வாழையும் பிசகாமல் சொல்லிவிட்டு, அது இருந்தது என்ற சாதாரணத் தொடரில் தடுமாறுவார். அந்தத் தொடரை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். அதுவில் வரும் தகரம் மெலிந்த தகரம், நாக்கு பல்லை அழுத்தாமல் இடையில் காற்றை லேசாகக் கசியவிடுகிறது. இருந்ததுவில் நகரமும் தகரமும் சேர்ந்து ஒரே இடத்தில் ஒற்றுகின்றன, உடனே இன்னொரு மெலிந்த தகரம் வருகிறது. இரண்டே சொல்லில் நாக்கு மூன்று முறை கம்பியிடம் போய் வந்துவிட்டது. அது, இது, எது, அந்த, இந்த, வந்தான், பார்த்தாள், நடந்தது. தமிழில் சுட்டும் இறந்தகாலமும் பெரும்பாலும் இந்தப் பல்லொலிகளில்தான் ஓடுகின்றன. வசனத்தில் ழகரம் எப்போதாவது வரும், தகரம் வராத வரி அபூர்வம்.

மேலைநாட்டு அறிவுரைக் குறிப்புகளை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். ஆங்கிலத்தில் டி, டீ, என், எல் ஒலிகள் பல்லுக்குச் சற்று மேலே, ஈறு மேட்டில் பிறக்கின்றன. பல்லைத் தொடுகிற ஒலி என்று அவர்களுக்கு இருப்பது கொஞ்சம்தான். அவர்களுடைய பயிற்சிப் பட்டியலில் முதலிடம் பெறுவது எஸ் என்கிற ஸகர ஒலி. அது நமக்கும் முக்கியம், சொல்லையும் சாவியையும் நம்மில் பலர் ஸகரம் போலவே தொடங்குகிறோம். ஸகரம் பிறக்கும் விதம் விசித்திரமானது. நாக்கின் நடுவில் ஒரு குறுகிய வாய்க்கால் உண்டாகி, அதன் வழியே காற்று ஊசி மாதிரிப் பாய்ந்து முன்பல்லில் மோத வேண்டும். மோதும்போது எழும் சீறல்தான் ஸகரம். அதன் ஆற்றல் பெரும்பாலும் நாலாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல், எட்டாயிரத்தையும் தாண்டிக் கிடக்கிறது. வாய்க்காலின் அகலம் கொஞ்சம் மாறினாலும், காற்று மோதும் இடத்தில் ஒரு மேடு வந்தாலும் அந்தச் சீறல் தடித்து ஷகரம் பக்கம் சாய்கிறது. மனிதர் எழுப்பும் ஒலிகளில் இவ்வளவு நுட்பமான அளவு கேட்கிறவை குறைவு. கம்பியோ சரியாக அந்தக் காற்றின் பாதையிலேயே நிற்கிறது.

இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். ஜெர்மனியின் மூன்ஸ்டர் பல்கலைக்கழகப் பல் சீரமைப்புத் துறையினர், கம்பி போடுவதற்கு முன்னும், போட்ட 24 மணி நேரத்துக்குள்ளும், மூன்று மாதம் கழித்தும் நோயாளிகளின் பேச்சைப் பதிவு செய்து 2003இல் முடிவை வெளியிட்டார்கள். இருபது பேருக்குச் சற்று மேற்பட்டவர்களிடம் செய்த சிறிய ஆய்வுதான். ஒலியின் அலைப்படத்தையும் பார்த்தார்கள், பிறர் காதில் எப்படி விழுகிறது என்றும் கேட்டார்கள். முதல் நாளில் உச்சரிப்பு கெட்டிருந்தது எதிர்பார்த்ததே. மூன்று மாதம் ஆன பிறகும் பழைய நிலைக்கு முழுக்கத் திரும்பவில்லை என்பதுதான் அதில் கவனிக்க வேண்டியது. அதே குழுவினர் செய்த ஒப்பீடுகளில், மெல்லிய பிராக்கெட் போட்டவர்களுக்குத் தொந்தரவு குறைவாக இருந்தது.

இங்கே ஒரு தடை எழும். கம்பி போட்ட எத்தனையோ பேர் இரண்டு வாரத்தில் பழகிவிட்டது என்று சொல்கிறார்களே, வீட்டில் இருப்பவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லையே, மூன்று மாதக் கணக்கு எதற்கு என்று கேட்கலாம். அவர்கள் பொய் சொல்லவில்லை. பழகியது என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் அளவுகோல் வேறு. பேசுவது புரிந்தால் வீட்டுக்குப் போதும். புரிவதற்கு ஒவ்வொரு ஒலியும் துல்லியமாக இருக்க வேண்டியதில்லை, பாதிச் சொல்லைக் கேட்டே மீதியை மூளை நிரப்பிக்கொள்ளும். தொலைபேசியில் கேட்டுவிட்டு நண்பர் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொன்னால் அதைச் சான்றாக எடுத்துக்கொள்ளவே கூடாது. பழைய முறைத் தொலைபேசி இணைப்பு 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். ஸகரத்தின் உயிர் அதற்கு மேலே இருக்கிறது, அதனால் அது கெட்டிருந்தாலும் மறுமுனைக்குத் தெரியாது. டப்பிங் அரங்கின் மைக் அப்படியில்லை. வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் நின்று, மனிதக் காதுக்கு எட்டும் மேல் எல்லைவரை எல்லாவற்றையும் பிடிக்கும். திரையரங்கின் ஒலிபெருக்கி அதைப் பல மடங்காக்கி ஆயிரம் பேர் காதில் போடும். வங்கியில் வேலை பார்க்கிறவருக்கு இரண்டு வாரத்தில் முடிந்துவிடுகிற பழக்கம், நடிகருக்கு இன்னும் பாதி வழியில்தான் இருக்கிறது.

பேசுகிறவருக்கே தன் பிழை சரியாகக் கேட்பதில்லை என்பது அடுத்த சிக்கல். நம் குரல் நமக்குக் காற்று வழியாக மட்டும் வருவதில்லை, தாடை எலும்பு வழியாகவும் உள்காதுக்குப் போகிறது. எலும்பு வழி வருவது கனத்த ஒலிகளை அதிகமாகக் கடத்துவதால் நமக்குக் கேட்கும் நம் குரல் சற்று ஆழமாக இருக்கும். பதிவில் கேட்டால் இது என் குரலா என்று தோன்றுவது இதனால்தான். கீச்சென்ற சீறல்களில் உண்டாகும் சிறு மாற்றம் இந்தக் கனத்தில் அமுங்கிப் போகலாம். மறுபக்கம், வாயில் உலோகம் உறுத்துகிற உணர்ச்சி, இல்லாத பிழையும் இருப்பதாக நினைக்க வைக்கும். கம்பி போட்டவரின் சொந்த மதிப்பீடு இரண்டு பக்கமும் தவறக்கூடியது.

இனி, நாக்கு எப்படிக் கற்கிறது என்பதற்கு வருவோம். இதைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன், மனித உடலின் பெருமை இதில் தெரிகிறது. 1979இல் ஸ்வீடனின் பியோன் லிண்ட்புளோமும் உடனாளர்களும், பேசுகிறவரின் பற்களுக்கிடையே ஒரு கட்டையைக் கடிக்கக் கொடுத்து உயிரெழுத்துகளைச் சொல்லச் சொன்னார்கள். தாடை அசையவே முடியாது. ஆனாலும் முதல் முயற்சியிலேயே உயிரொலிகள் ஏறத்தாழச் சரியாக வந்தன. தாடை செய்ய வேண்டியதை நாக்கு அந்தக் கணமே ஏற்றுக்கொண்டது. அப்படியானால் கம்பிக்கும் உடனே சரிசெய்துகொள்ள வேண்டியதுதானே? உயிரொலியில் நாக்கு எங்கும் ஒற்றி அடைப்பதில்லை, வாயின் வெளியைப் பங்கிடுவதோடு அதன் வேலை முடிகிறது. மெய்யொலியில், அதிலும் ஸகரத்தில், தொடுகிற இடமே மாறிவிட்டால் பழைய அசைவுக் கட்டளைகள் உதவாது. கனடாவில் ஷாரி பாமும் டேவிட் மெக்ஃபார்லாண்டும் 1997இல் வெளியிட்ட ஆய்வில், மேலண்ணத்தின் முன்பகுதியைத் தடிமனாக்கும் ஒரு செயற்கைத் தகட்டை மாட்டிப் பேச வைத்தார்கள். ஸகரம் உடனே கெட்டது. அதே ஒலி நிறைந்த பகுதிகளை ஒரு மணி நேரம் விடாமல் படிக்க வைத்து, கால் மணிக்கு ஒருமுறை பதிவு செய்தபோது ஒலி படிப்படியாகத் தேறியது. குறிப்பிட்ட ஒலியை மையமாக வைத்துச் செய்யும் பயிற்சி ஒரே மணி நேரத்தில் அளக்கத்தக்க மாற்றத்தைத் தருகிறது என்பது இதன் பொருள். அப்படிப் பயிற்சி செய்யாதவர் அந்த மாற்றத்துக்காக நாள் கணக்கில் காத்திருக்க நேரலாம்.

எதை வைத்து நாக்கு தன்னைத் திருத்திக்கொள்கிறது என்பதும் சோதனைக்கு வந்திருக்கிறது. 2003இல் ஜெஃப்ரி ஜோன்ஸும் கெவின் மன்ஹாலும் மேல் முன்பற்களை நீளமாக்கும் ஒரு பல்லுறையை மாட்டி ஸகரத்தைச் சொல்ல வைத்தார்கள். தங்கள் குரலைக் கேட்க முடிந்தபோது பேசியவர்கள் தேறினார்கள். இரைச்சலால் காதை அடைத்தபோது அந்தத் தேர்ச்சி வரவில்லை. காதே ஆசிரியர் என்று இதிலிருந்து முடிவு கட்டத் தோன்றும். ஆனால் 2008இல் சஸாத் நசீரும் டேவிட் ஆஸ்ட்ரியும் செய்த சோதனை இன்னொரு ஆசிரியரைக் காட்டியது. பிற்காலத்தில் செவித்திறனை முழுதும் இழந்து, உள்காதுக் கருவி பொருத்திக்கொண்டவர்களிடம் கருவியை அணைத்துவிட்டு, பேசும்போது தாடையை ஒரு எந்திரக் கையால் மெல்ல இழுத்தார்கள். எதுவும் கேட்காத நிலையிலும் அவர்கள் அந்த இழுப்புக்கு ஈடுகொடுத்துத் தாடையைத் திருத்திக்கொண்டார்கள். தசைக்கும் தோலுக்கும் தெரிகிற இடவுணர்ச்சியே அவர்களுக்கு வழிகாட்டியது. காது, தொடுவுணர்ச்சி என்று இரண்டு ஆசிரியர்கள் இருக்கிறார்கள். கம்பி போட்ட முதல் நாட்களில் தொடுவுணர்ச்சி குழம்பிக் கிடக்கிறது, பல் இருந்த இடத்தில் உலோகம் இருக்கிறது, புண் வேறு. அப்போது காதைத்தான் நம்ப வேண்டும். சந்தடி மிகுந்த படப்பிடிப்புத் தளம், ஜெனரேட்டர் ஓடுகிற வெளிப்புறம், பாட்டுப் போட்டுக்கொண்டு ஓடும் வண்டி, இவை எல்லாம் அந்த ஆசிரியரின் வாயைப் பொத்திவிடும் இடங்கள். அமைதியான அறையில், உரக்க, பதிவு செய்து, போட்டுக் கேட்டுப் படிப்பதே சரி.

வலிக்கிறது என்பதற்காகப் பேச்சைக் குறைத்துக்கொண்டு, பழகிய பிறகு பேசலாம் என்று காத்திருப்பது இந்தச் சான்றுகளின்படி நேர் எதிரான வழி. பேசாத நாக்குக்குப் பாடம் நடப்பதில்லை. என்ன பேசிப் பழகுவது என்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஆஸ்ட்ரியின் குழுவினர் 2008இல் வெளியிட்ட வேறொரு ஆய்வில், எந்திரக் கைக்கு ஈடுகொடுத்து ஒரு சொல்லைக் கற்றவர்கள் அதை ஒத்த இன்னொரு சொல்லுக்குப் போனபோது அந்தக் கற்றல் கூட வரவில்லை. காது வழியாகக் கற்றதைச் சோதித்த ஜான் ஹூடும் மைக்கேல் ஜோர்டனும் 1998இல் கண்டதோ, பயிற்சி பெறாத சொற்களுக்கும் அது ஓரளவு பரவுகிறது என்பது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நடிகருக்கு ஒரு நடைமுறை கிடைக்கிறது. பாட்டி சொல்லிக்கொடுத்த நாப்பழக்கத் தொடர்கள் தொடக்கத்துக்கு நல்லவை. அவற்றிலும் ழகர ளகரத் தொடர்களைவிடத் தகரமும் நகரமும் சகரமும் மோதுகிற தொடர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆனால் அதோடு நின்றால் போதாது. நாளை மறுநாள் எந்த வசனத்தைப் பேசப் போகிறாரோ அந்த வசனத்தையே, பேசப்போகிற வேகத்திலேயே, கோபமானால் கோபத்தோடும் கிசுகிசுப்பானால் கிசுகிசுப்போடும் சொல்லிப் பழக வேண்டும். கிசுகிசுப்பில் குரல் நாண் அதிர்வதில்லை, சீறலை மூட வேறு ஓசை இருக்காது. பிழை அங்கேதான் முதலில் வெளியே வரும்.

தமிழ்ப் படங்களில் வசனத்தைப் பிறகு டப்பிங்கில்தானே பேசுகிறோம், தளத்தில் எப்படிப் பேசினால் என்ன என்பது வலுவான தடை. அதில் உண்மை இருக்கிறது. டப்பிங் நாளுக்குள் பழகிவிட்டால் போதும் என்ற அவகாசம் நம் நடிகருக்குக் கிடைக்கிறது. ஆனால் மேடைக்கு டப்பிங் கிடையாது. விருமாண்டி போன்று தளத்திலேயே ஒலிப்பதிவு செய்த படங்களும் இருக்கின்றன. இவற்றைவிடப் பெரிய காரணம் வேறு. வாய் தடுமாறும்போது நடிகர் தெரியாமலே வேகத்தைக் குறைப்பார், உதட்டை இறுக்குவார், உமிழ்நீரை விழுங்கச் சொல்லுக்குச் சொல் நிறுத்துவார். அதெல்லாம் படத்தில் பதிந்துவிடும். டப்பிங்கில் குரலை மாற்றலாம், திரையில் அசைகிற உதட்டை மாற்ற முடியாது. சரளமாகப் பேசத் தெரிந்த பிறகு, மூன்று மாதத்துக்கு முந்தைய தன் தயங்கிய உதட்டுக்கு ஏற்பக் குரலைத் தயங்க வைக்க வேண்டிவரும்.

இவ்வளவு பாடு எதற்கு, கழற்றி மாட்டுகிற கண்ணாடி போன்ற அலைனர் போட்டுக்கொண்டால் ஷாட்டுக்கு முன்னால் எடுத்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. பலருக்கு அதுவே நல்ல வழி, மறுப்பதற்கில்லை. பல்லின் கோணல் அதற்கு இணங்குவதாக இருக்க வேண்டும், ஒரு நாளில் 20 முதல் 22 மணி நேரம் வாயில் இருக்கவும் வேண்டும். காலை ஆறு மணிக்கு மேக்கப்பில் உட்கார்ந்து இரவு பத்துக்குக் கலைகிற நாட்கள் தொடர்ந்து வந்தால் அந்தக் கணக்கு உதைக்கும். வேலை நெருக்கடியில் கழற்றி வைத்துவிட்டு மறப்பதற்கு இடம் தராதது ஒட்டிய கம்பி. கடினமான பல் அசைவுகளைச் செய்யவும் அதற்கு இயலும். எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை மருத்துவர்தான் பல்லைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அவரிடம் கேட்க வேண்டிய ஒரு கேள்வியை மட்டும் நடிகர் மறக்கக் கூடாது. சிலருக்கு மேல் முன்பல்லின் பிராக்கெட்டே கீழ்ப்பற்கள் வந்து முட்டும் மேடையாகிவிடும். கர்ஸின் வடிவத்தில் வேண்டுமென்றே அப்படி ஒரு தளம் வைத்தார்கள், ஆழமாக மூடிய கடியைத் திறக்கவும் அது பயன்படுகிறது. ஆனால் அதனால் கடைவாய்ப் பற்கள் கொஞ்ச நாள் ஒன்றோடொன்று சேராது, மெல்லுவது கடினமாகும், தாடை பேச்சில் நிற்கிற உயரமும் மாறும். தனக்கு அப்படி ஆகுமா, எத்தனை வாரம் இருக்கும் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டால்தான் தேதி கொடுக்க முடியும்.

உடம்பு மாறும்போது கலைஞன் தன் கருவியை மறுபடி கற்பது நம் நாடக உலகத்துக்குப் புதிதல்ல. பாய்ஸ் கம்பெனிகளில் பெண் வேடம் கட்டிப் பாடிய சிறுவர்களுக்கு மகரக்கட்டு உடையும் பருவம் வரும். குரல்வளை பெருத்து, பாடிக்கொண்டிருந்த சுருதி ஒரே வருடத்தில் காணாமல் போகும். அந்த மாற்றம் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது, தள்ளிப்போடவும் முடியாது. லிங்குவல் கம்பி போட்டுக்கொள்கிறவருக்கு இந்த விஷயத்தில் பெரிய அனுகூலம் இருக்கிறது. தன் வாய் மாறப்போகும் நாளை அவரே குறிக்கிறார். இரண்டு படங்களுக்கு இடையில் உள்ள ஒரு மாதத்தை அதற்குத் தேர்ந்தெடுக்கலாம், வசனம் குறைந்த காட்சிகளை முதலில் எடுக்கும்படி இயக்குநரிடம் கேட்கலாம். இரு வரிசைக்கும் ஒரே நாளில் போடாமல் இடைவெளி விட முடியுமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று. தகரமும் நகரமும் சகரமும் நிறைந்த இரண்டு பக்க வசனத்தை, டப்பிங் அரங்கின் நல்ல மைக்கில், கம்பி போடுவதற்கு முதல் நாளே பேசிப் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். தேறிவிட்டோமா என்று ஒப்பிட்டுப் பார்க்க வேறு அளவுகோல் இல்லை, மறுநாள் அதைப் பதிய முடியாது.